திரும்பி வருவது எந்தப் பந்தயத்துக்கு?

நரேன் கார்த்திகேயன் மீண்டும் பந்தயக் கார் ஓட்ட வருகிறார் என்ற செய்தி 2025இல் வந்தது. நடிகர் அஜித்குமாரின் அணியில் சேர்ந்து ஆசிய லெ மான்ஸ் தொடரில் ஓட்டுவார் என்பது அறிவிப்பு. நரேன் 1977இல் கோவையில் பிறந்தவர். 1996இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன் ஆனார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயரையும் பெற்றார். 48 வயதில் அவருக்கு இது தேவையா என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

ராமநாதபுரம் பக்கம் கார் பந்தயத் தடம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவைக்கோ போனால்தான் பார்க்கலாம். நம்மில் பலருக்கு இந்த விளையாட்டு கைபேசித் திரையில் மட்டுமே பழக்கம். ஆகவே, வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் முன், மறுவருகை என்பதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகில் ஏறுகிறவர் கடலை மறந்திருக்க மாட்டார். நீரோட்டமும் காற்றும் நினைவில் அப்படியே இருக்கும். ஆனால் கையில் காய்ப்பு இளகியிருக்கும். முதல் நாள் கயிறு இழுக்கும்போது வலிக்கும். பந்தய ஓட்டுநருக்கும் இப்படித்தான். அறிவு தங்கிவிடுகிறது. உடல்தான் பழக்கம் விட்டுப்போகிறது.

உடலில் முதலில் சோதனைக்கு உள்ளாவது கழுத்து. கார் வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் வெளிப்பக்கமாக இழுக்கப்படுகிறார். இந்த இழுப்பை ‘ஜி’ என்ற அளவால் சொல்வார்கள். ஒரு ஜி என்பது ஒரு பொருளின் சொந்த எடைக்குச் சமமான இழுப்பு. ஃபார்முலா ஒன் காரில் இது நான்கு, ஐந்து ஜி வரை போகும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறு, ஏழு கிலோ இருக்கும். கணக்குப் போட்டால், கழுத்தை இழுக்கும் பாரம் சுமார் 30 கிலோ. நம் ஊர்த் தள்ளுவண்டியில் வரும் தண்ணீர்க் குடங்களில் நிறைகுடம் இரண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரம் மேலிருந்து அழுத்தவில்லை, பக்கவாட்டில் இழுக்கிறது. வேகமான வளைவு வரும்போதெல்லாம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது.

இந்த வலுவைப் பயிற்சியால் மீட்கலாம். காயம் வேறு விஷயம். ஏழு முறை உலகச் சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கர் 2006இல் ஓய்வு பெற்றார். 2009இல் காயமடைந்த ஓட்டுநர் ஃபெலிப்பே மாசாவுக்குப் பதிலாக ஓட்ட முன்வந்தார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தில் பட்ட அடி அவரைத் தடுத்துவிட்டது.

இரண்டாவது, வண்டி. ஓட்டுநர் ஓய்வில் இருந்தாலும் கார் மாறிக்கொண்டே இருக்கும். ஷூமாக்கர் 2010இல், 41 வயதில், மெர்சிடிஸ் அணிக்காகத் திரும்பினார். அதற்குள் டயர் மாறியிருந்தது. பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது தடை செய்யப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பருவத்தின் நடுவே செய்யும் சோதனை ஓட்டம் நின்றுபோயிருந்தது. முன்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து வண்டியைத் தன் கைக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டவர் அவர். அந்த வழி இப்போது அடைபட்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது 2012இல் வலென்சியாவில் ஒரு மூன்றாம் இடம் மட்டுமே. ஆனால் அதே ஆண்டு மொனாக்கோவின் தகுதிச்சுற்றில் 43 வயதில் அவர்தான் முதலாவது. வேகம் அவரிடம் இருந்தது. அது ஒவ்வொரு வாரமும் வெளிப்படவில்லை.

மாறாக, இன்னொரு சாம்பியனான நிக்கி லாடா 1979இல் விலகி 1982இல் திரும்பினார். மூன்றாவது பந்தயத்திலேயே வென்றார். 1984இல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார். அவருடைய இடைவெளி குறைவு. கிடைத்த காரும் நல்ல கார்.

நரேனின் முதல் மறுவருகையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2011இல் எச்.ஆர்.டி. அணியில் அவர் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். அங்கே 107 விழுக்காடு விதி என்று ஒன்று உண்டு. முதல் தகுதிச்சுற்றில் முந்தியவர் ஒரு சுற்றுக்கு 100 விநாடி எடுத்தால், மற்றவர்கள் 107 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முடியாதவருக்குப் பொதுவாகப் பந்தயத்தில் இடமில்லை. மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்தில் நரேன் இந்த அளவுக்குள் முடிக்கவில்லை. சக ஓட்டுநர் லியூட்சியும் முடிக்கவில்லை. அந்தக் கார் அதற்கு முன் முறையான சோதனை ஓட்டத்தையே பார்த்திருக்கவில்லை. ஒருவரின் திறனை அறிய, அதே காரை ஓட்டும் சக ஓட்டுநரோடு ஒப்பிடுவதே நியாயமான வழி. அட்டவணையின் கடைசி வரியை மட்டும் பார்த்தால் தவறாகப் புரிந்துகொள்வோம். இதே நரேன் 2019இல் ஜப்பானின் ஃபுஜி தடத்தில், 42 வயதில், சூப்பர் ஜிடி, டிடிஎம் கார்கள் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றை வென்றார்.

மூன்றாவது, பந்தயத்தின் வகை. லெ மான்ஸ் வகை நெடுநேரப் பந்தயம். ஆசியத் தொடரில் ஒரு பந்தயம் நான்கு மணி நேரம். ஒரே காரை ஓட்டுநர்கள் முறைவைத்து ஓட்டுவார்கள். இங்கே ஒரு சுற்றின் மின்னல் வேகத்தைவிட, நூறு சுற்றையும் ஒரே சீராக ஓட்டுவதற்கு மதிப்பு அதிகம். டயரைக் காக்க வேண்டும். மெதுவான கார்களை உரசாமல் கடக்க வேண்டும். இவை அனுபவத்தால் வருபவை. போலந்தின் ராபர்ட் குபிட்சா கையில் பலத்த காயம்பட்டு, 2019இல் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பி ஒரே ஒரு புள்ளிதான் எடுத்தார். அவரே 2025இல், 40 வயதில், இருவரோடு சேர்ந்து லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்.

ஆக, சாம்பியன் திரும்பலாமா என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்தப் பந்தயத்துக்கு, எந்தக் காரில், எவ்வளவு இடைவெளிக்குப் பின் என்பவை சேர்ந்தால்தான் அது முழுமையாகும். நரேன் தேர்ந்திருப்பது அனுபவம் கைகொடுக்கும் வகை. அந்த அளவில் அவர் முடிவு பொருத்தமாகவே தெரிகிறது.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகும், ரயில் நிற்கும். ஓட்டுநர் எத்தனை ஆண்டு அனுபவசாலி என்று அது கேட்டதில்லை. நின்றதற்காக அந்த ஓட்டுநரை யாரும் குறைவாக நினைத்ததும் இல்லை. திரும்பி வரும் சாம்பியனும் அப்படி ஓர் அளவை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நல்லது: சக ஓட்டுநரைவிட எத்தனை விநாடி பின்தங்கினால் இறங்குவது, மருத்துவர் எதைச் சொன்னால் நிறுத்துவது என்று. அந்த அளவுக்குள் இருக்கும்வரை அவர் ஓட்டட்டும்.