வண்டி வந்தால் போதுமா?



பொலிஸ் நிலையங்களை மூடிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் பொலிசாரை வாகனங்களில் ஊர் ஊராக அனுப்பினால் என்ன என்று சில நாடுகளில் யோசிக்கிறார்கள். லண்டன் மாநகரில் 2013இலும் 2017இலும், மக்கள் நேரில் போய் முறையிடும் பொலிஸ் முகப்புகள் பல மூடப்பட்டன. தொலைபேசியிலும் கணினியிலும் முறையிடலாமே என்றார்கள். பதுளைத் தோட்டப் பெண்களை மனதில் வைத்து நானும் இதை யோசித்துப் பார்த்தேன்.

மடுல்சீமைப் பக்கம் மேல்கணக்கு லயத்தில் இருக்கும் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். இரவு கணவன் கசிப்புக் குடித்துவிட்டு அடிக்கிறான். காலையில் முறைப்பாடு செய்யப் போனால் அன்றைய பேர் போய்விடும், சம்பளமும் இல்லை. பஸ் காசு வேறு. கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று லீவில் இருப்பார். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைத்துவிட்டு, என்ன எழுதினார்கள் என்றே தெரியாமல் திரும்புவாள். அவளுக்கு அந்த நிலையம் திறந்திருந்தும் பாதி மூடியதுதான்.

அப்படியென்றால் வண்டியே தோட்டத்துக்கு வரட்டுமே என்று தோன்றும். சில வேலைகளுக்கு அது மிக நல்லது. அடையாள அட்டை தொலைந்தால் புதியது எடுக்க பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். இடம்பெயர்ந்து அலைந்த நமக்கு அந்த அலைச்சல் தெரியும். நடமாடும் சேவை வந்தால் அது வாசலிலேயே முடிந்துவிடும்.

அடிபட்டவளின் கதை வேறு. வண்டி கோயில் முன்றலில் வந்து நிற்கும். யார் போய்ப் பேசினார்கள் என்று முழு லயமும் பார்க்கும். மாலையில் வண்டி போய்விடும், அவளோ அதே காம்பராவுக்குத்தான் போக வேண்டும். பட்டணம் என்றால் மருந்தெடுக்கப் போகிறேன், சாமான் வாங்கப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டாவது போகலாம். அடி விழுவதும் வண்டி வரும் நாள் பார்த்து விழுவதில்லையே!

இன்னொன்றும் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள், அங்கே யுத்தத்திலும் அகப்பட்டன. சுற்றிவளைப்புகளைக் கண்ட பெண்ணுக்கு வாசலில் ஜீப் வந்து நின்றால் நெஞ்சு பதறாதா? பொலிசார் பக்கத்தில் இருந்தாலே பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டபோது, ஆயுதம் தாங்கிய பொலிசார் அங்கேயே நின்றார்கள்.

ஆகவே தூரத்தைவிட, அங்கே யார் இருக்கிறார், எந்த மொழியில் கேட்கிறார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். நமது பொலிஸ் நிலையங்களிலும் சிறுவர், பெண்கள் பிரிவுகள் உண்டு. அந்த மேசையில் தமிழ் பேசும் பெண் ஒருவர் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. தமிழில் கேட்பது நாம் கேட்கும் சலுகை அல்ல.

முறைப்பாடு செய்யப் போகிறவர்கள், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதங்கள் வரை செல்லும். நீங்களே போக முடியாவிட்டால் உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். அது சட்டத்திலேயே இருக்கிறது, கேளுங்கள்.