கல்வராயன் மலைக்கும் ஜீப் வரட்டும், ஆனால்...

ஊட்டி, கொடைக்கானல் போய், போட்டிங், குதிரை சவாரி என்று சுற்றிய காலம் மலையேறி விட்டது. தார் ரோடே இல்லாத கரடுமுரடான மலைப்பாதையில், ஜீப்பிலும், பைக்கிலும் குலுங்கிக் குலுங்கிப் போவதுதான் இப்போதைய இளவட்டங்களின் மோகம். 'ஆஃப் ரோடு' என்கின்றனர். இதற்கென்றே இடம் வளைத்து, டிக்கெட் போட்டு நடத்துகிறவர்களும் உண்டு.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு மூணாறு போனபோது, நானும் இதை அனுபவித்து விட்டேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் சவாரி. மலை இருப்பது நம் தேனி மாவட்டம், போடி தாலுகாவில். வண்டிப் பாதையோ கேரளா வழியாகத்தான்! விடியற்காலை, நாலு மணி இருட்டில், பாறாங்கற்களின் மேல் ஜீப் ஏறி இறங்க, ஒரு கையில் கம்பியையும், மறு கையில் மாமியாரையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம், 'முருகா, முருகா' என்று வந்தவர், மேகக் கூட்டத்துக்கு மேல் சூரியன் எழும்பியதைப் பார்த்ததும், 'இடுப்பு ஒடிஞ்சாலும் பரவாயில்லடி' என்றாரே பார்க்கலாம். ஏறத்தாழ, 7,900 அடி உயரம். அந்தக் குளிருக்குச் சூடாக ஒரு டீ. கொடுத்த காசு வீணில்லை.

அங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நம் காரைக் கீழேயே நிறுத்திவிட்டு, உள்ளூர் டிரைவரின் ஜீப்பில்தான் மேலே போக வேண்டும். போக ஒரே பாதைதான். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்றலாம் என்பது அவருக்கு அத்துப்படி; காசும் அந்த ஊர்க்காரர் கைக்கே போகிறது. 2025 ஜூலையில், மூணாறு பக்கம் ஜீப் விபத்து நடந்ததும், இடுக்கி மாவட்டத்தில் இந்தச் சவாரிகளையே நிறுத்தி வைத்து, வண்டிக்கும், டிரைவருக்கும் கட்டுப்பாடுகள் போட்ட பிறகுதான் மறுபடி விட்டனர்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகன், 'கல்வராயன் மலையிலும் இப்படி ஒரு பார்க் வந்தா என்ன அத்தை?' என்று கேட்கிறான். பார்க் வரும் வரை காத்திருக்கவும் அவனுக்குப் பொறுமை இல்லை. நண்பர்களோடு, கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியாக மேலே ஏறி, ஏதோ ஒரு ஒற்றையடிப் பாதையில் பைக்கை விட்டதை வீடியோ எடுத்து வந்து காட்டினான். ஓடையில் தண்ணீர் தெறிக்கப் பாய்கிறது வண்டி, ஒரே விசில். ஓரத்தில், குடத்தை இடுப்பில் வைத்தபடி, 'இவனுங்க எப்போ போவானுங்க' என்று ஒரு பெண் ஒதுங்கி நிற்கிறாள்.

'டேய், அவங்க தண்ணி எடுக்கிற ஓடைடா அது' என்றேன்.

'ஓடைதானே அத்தை, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுடும்' என்கிறான். அதுவரை அவள் நிற்க வேண்டுமாம்!

அந்த மலையில் இருப்பவர்கள், மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு, கேரளத்துக்காரர்கள் என்று எண்ண வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள்தான். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அவர்கள் விடுபட்டதே, 1976ல்தான். 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு, 60க்கும் மேற்பட்டோர் பலியான பின், சென்னை ஐகோர்ட், தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்தது. ரோடு சரியில்லாத ஊரில், பிரசவ வலி கண்டவளை டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும். ஜீப் கிடைத்தாலும், நாங்கள் காசு கொடுத்துக் குலுங்கினோமே, அதே குலுங்கலை நிறைமாத வயிற்றோடு அவள் தாங்க வேண்டும். ஆம்புலன்ஸ் போக ரோடு போடாமல், விளையாட்டுக்குப் பாதை வெட்டினால், அந்தப் பெண்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பர்?

இன்னொன்று, மண். சரிவான இடத்தில் ஒரே தடத்தில் வண்டிகள் ஓடினால், சக்கரம் பதிந்து பள்ளம் விழும். மழை பெய்ததும், அந்தப் பள்ளமே வாய்க்காலாகி, மேல் மண்ணை அரித்துக் கொண்டு ஓடும். அது எங்கே போகும்? கோமுகி அணைக்குத்தான். என் பிறந்த வீட்டு நிலம் கோமுகிப் பாசனம். அணையில் வண்டல் சேர்ந்தால், எங்கள் நெல்லுக்குத்தான் தண்ணீர் குறையும். மலையில் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கீழே இருப்பவர்கள் இருந்துவிட முடியாது.

அதற்காக, பார்க்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கல்வராயன் என்றாலே சாராயம் என்று வெளியூரில் பேசுவதைக் கேட்கும்போது ஆத்திரமாக வருகிறது. கடுக்காய் பொறுக்கியும், சாமை, மரவள்ளி விளைத்தும் கௌரவமாகப் பிழைக்கிற குடும்பங்கள்தானே அங்கே அதிகம்? அந்த வீட்டுப் பையன் ஜீப் ஓட்டட்டும். பெண்கள் தேனும், தினை மாவும் விற்கட்டும். கொழுக்குமலை மாதிரி ஒரே பாதையைக் குறித்து, வெளியூர் பைக்குகளை அடிவாரத்திலேயே நிறுத்தி விட வேண்டும். மழைக்காலத்தில் பாதையை மூடி விடலாம்.

அப்படியே, கழிப்பறையும், உடை மாற்ற ஓர் அறையும் கட்ட வேண்டும், புண்ணியமாகப் போகும்! இதையெல்லாம் திட்டம் போடுகிற ஆண்களுக்கு, செல்பி எடுக்கும் மேடைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஓர் அருவிக்கரையில், நாங்கள் நாலு பெண்கள் புடவையைத் திரையாகப் பிடித்து, ஒருவர் மாற்றி ஒருவர் உடை மாற்றிய கூத்தை என்னவென்று சொல்ல!

பார்க்குக்கு இடம் பார்க்கப் போகிறவர்கள், கிராமசபையில் பெண்களை உட்கார வைத்து, 'தண்ணி எடுக்கிற ஓடை எது, விறகுக்குப் போற வழி எது?' என்று கேட்கட்டும். அது இரண்டையும் விட்டுவிட்டு, மீதி இடத்தில் கயிறு கட்டிக் கொள்ளட்டும்.

– ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.