ஆம்ப்ளிஃபயரை மாற்றியது போதும், ஊர்ப் பெட்டியைக் கவனியுங்கள்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, வருடக் கடைசி ஆணிகளால் தள்ளித் தள்ளிப் போன விஷயம். முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். அடியேன் பி.காம். சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். இந்தப் பாட்டுப் பெட்டி விவகாரத்தில் பாதி கணக்குதான் என்பது என் கட்சி.

மும்பையில் நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். டோம்பிவிலி, முலுண்ட், செம்பூர் என்று ஆளுக்கொரு மூலை. எல்லோருக்கும் பட்ஜெட் ஆம்ப்ளிஃபயர் பைத்தியம். மாதம் தவறாமல் யாராவது ஒருவர் புதிதாக ஒன்று வாங்கியிருப்பார். உள்ளங்கை அகலத்தில் அலுமினியப் பெட்டி, முன்னால் ஒரு திருகு, பின்னால் ஒயர் மாட்ட நாலு முனை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூடி, காபி குடித்துக்கொண்டே பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்போம். "இதுல பேஸ் இறுக்கமா இருக்கு சார்", "அதுல குரல் முன்னாடி வந்து நிக்குது" என்று தீர்ப்புகள் வரும்.

அது முடிந்ததும் தவறாமல் இரண்டாம் பாகம். "எங்க வீட்டுல அந்தக் காலத்துல ரெண்டு பொட்டி இருந்துச்சு..." என்று ஒருவர் ஆரம்பிப்பார். தச்சர் செய்த தேக்குப் பெட்டி, எட்டு அங்குல பிலிப்ஸ், சோனோடைன், காஸ்மிக், கல்யாண வீட்டு அஹுஜா குழாய் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. பேசிப் பேசி ஆளாளுக்குக் கண் கலங்கும்.

எனக்கு உறுத்துவது இதுதான். காசு முழுக்க முதல் பாகத்துக்குப் போகிறது. கண்ணீர் முழுக்க இரண்டாம் பாகத்துக்கு. அந்தப் பெட்டிகள் இப்போது எங்கே சார் என்று கேட்டால், "ஊர்ல பரண் மேல கிடக்குதுன்னு நினைக்கிறேன்" என்று இழுக்கிறார்கள். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்கிறேன். ஆம்ப்ளிஃபயர் என்பது ஏறக்குறைய முடிந்துபோன பிரச்சினை. இனி காசும் கவனமும் ஸ்பீக்கருக்குத்தான் போக வேண்டும்.

ஏன் முடிந்துபோனது? பழைய முறை ஆம்ப்ளிஃபயர்கள், ஏபி வகை என்பார்கள், வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கைச் சூடாக வீணாக்கும். ஏட்டுக் கணக்கிலேயே அதிகபட்சத் திறன் 78 சதவீதம்தான். அதனால்தான் அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயருக்குள் செங்கல் கனத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர், பின்னால் சீப்பு மாதிரி அலுமினிய ஹீட்சிங்க். இப்போது வரும் டி வகையில் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குச் சில லட்சம் முறை முழுசாகத் திறந்து முழுசாக மூடுகின்றன. நடுவில் அரைகுறையாக நிற்பதில்லை, அதனால் சூடு குறைவு. திறன் 90 சதவீதத்தைத் தொடும். டிரைபாத் என்ற அமெரிக்க கம்பெனியின் சிப்பைப் போட்டு 40 டாலர் விலையில் ஒரு பிளாஸ்டிக் ஆம்ப்ளிஃபயர் 2000களின் நடுவில் வந்து, பெரிய பெரிய காதுகளையெல்லாம் ஆச்சரியப்பட வைத்தது. டிரைபாத் 2007இல் திவாலாகிவிட்டது. ஆனால் வழி திறந்தது திறந்ததுதான். இன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப் போட்ட வெறும் போர்டு லாமிங்டன் ரோட்டில் ஆயிரம் ரூபாய்க்குக் கீழேயே கிடைக்கிறது. பழைய லேப்டாப் சார்ஜர் ஒன்றை மாட்டினால் பாடும். (நம் வீடுகளில் செத்த லேப்டாப்பின் சாகாத சார்ஜர் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!)

அட்டைப் பெட்டி மேல் "50 வாட் + 50 வாட்" என்று போட்டிருக்கும். இங்கேதான் வங்கிக்காரன் மூக்கை நுழைக்கிறான். சிப் கம்பெனியின் தாளைப் படித்தால் தெரியும், அந்த 50 வாட் 21 வோல்ட் சப்ளையில், 4 ஓம் ஸ்பீக்கரில், 10 சதவீதம் சிதைவோடு வருவது. பத்து சதவீதம் என்றால் பாட்டு கிழிகிறது என்று அர்த்தம். வாங்கியவரோ 12 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டியிருப்பார். சப்ளை வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால் சுத்தமாக வரக்கூடிய உச்ச வாட் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 144ஐ 16ஆல் வகுத்தால் 9 வாட். லேப்டாப் சார்ஜரின் 19 வோல்ட்டில் 22 வாட் சொச்சம். 24 வோல்ட்டில் 36.

இது நம் ஃபைனான்ஸ் கம்பெனிகளின் 'ஃபிளாட் ரேட்' வட்டி மாதிரி. மூன்று வருடக் கடனுக்கு 10 சதவீதம் ஃபிளாட் என்பார்கள். மாதத் தவணையில் குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் 18 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பொய் சொல்லவில்லை, ஆனால் மெய்யும் சொல்லவில்லை. 90களில் டூ-இன்-ஒன் பெட்டிகள் மேல் "1000 வாட் பி.எம்.பி.ஓ" என்று ஒட்டியிருப்பார்களே, அதற்கு இது எவ்வளவோ தேவலை.

சரி, 9 வாட் போதுமா? அதைச் சொல்ல வேண்டியது ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் என்று ஸ்பீக்கருக்கு ஒரு எண் உண்டு. மூன்று டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். பிபிசி 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற புகழ்பெற்ற குட்டி ஸ்பீக்கர் 83 டெசிபல் வாக்கில். பழைய பெரிய பெட்டி ஒன்று 92 இருந்தால் வித்தியாசம் ஒன்பது, அதாவது எட்டு மடங்கு. பெரிய பெட்டி 5 வாட்டில் செய்வதைச் சின்னது செய்ய 40 வாட் கேட்கும்.

வால்வு ரேடியோ நாலைந்து வாட்டை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி பாடியதன் ரகசியம் இதுதான். அன்று வாட் விலை அதிகம், அதனால் ஸ்பீக்கரைச் சிக்கனமாகச் செய்தார்கள். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். சின்னப் பெட்டியை இறுக மூடி, உள்ளே இருக்கும் காற்றையே ஸ்பிரிங் ஆக்கி, ஆழமான பேஸ் வரவைத்தார். அதற்குக் கொடுத்த விலை, கூடுதல் வாட். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட் மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். வாட் மலிய மலியப் பெட்டி சிறுத்துக்கொண்டே வந்துவிட்டது.

நம் ஊரில் இந்த இயற்பியலைப் படிக்காமலே கண்டுபிடித்தவர்கள் உண்டு. மண்பானை ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கிறதா? 80களில், டீக்கடையிலும் சலூனிலும் பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாடவிட்டால் தகரம் மாதிரி இருக்கும். முன்பக்கம் வரும் அலையும் பின்பக்கம் வரும் அலையும் நேரெதிர், கீழ்ஸ்தாயியில் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தைப் பானைக்குள் அடைத்துவிட்டால் 'தொம் தொம்' வந்துவிடும். பானைக்கென்று ஒரு முழக்கம் இருக்கும்தான். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுக்கு அது கூடுதல் மரியாதையாகத்தான் இருந்தது :-)

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சென்ற வருடம் ஒரு கூட்டத்தில் நான் ஒரு நிபந்தனை போட்டேன். நாலு ஆம்ப்ளிஃபயரும் போர்வைக்கு அடியில், மாற்றிவிடுவது வீட்டுக்காரரின் மகள் மட்டும், மல்டிமீட்டரை வைத்து நாலின் சத்தத்தையும் முன்கூட்டியே சமம் செய்துவிட வேண்டும். ஒரு டெசிபலுக்கும் குறைவாக ஒன்று சத்தமாக இருந்தால்கூட நம் காது அதை 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' ஓடியது. எது எது என்று எழுதச் சொன்னதில் யாருடைய சீட்டும் பூவா தலையா போட்டதைவிடத் தேறவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் கிளார்க் என்பவர் இதே மாதிரி, சத்தத்தைச் சமம் செய்து இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைக் காதால் பிரித்துச் சொல்பவருக்கு 10,000 டாலர் என்று பல வருடம் சவால் வைத்திருந்தார். பரிசு யாருக்கும் போகவில்லை. அடுத்து ஸ்பீக்கரை மட்டும் மாற்றினோம். சமையலறையிலிருந்து அந்த வீட்டு அம்மா, "இப்ப என்ன மாத்துனீங்க, வேற மாதிரி இருக்கே?" என்று கேட்டார்கள். அவருக்குச் சீட்டே தேவைப்படவில்லை.

எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. மட்டமான அடாப்டர் இரையும். மலிவான டி வகை போர்டுகளின் கடைசிக் கட்ட வடிகட்டி 4 அல்லது 8 ஓமை மனதில் வைத்துச் செய்தது. 15, 16 ஓம் பழைய ஸ்பீக்கரை மாட்டினால் உச்ச ஸ்தாயி தூக்கலாகி, 'ஸ', 'ச' எல்லாம் குத்தும். பழைய பெட்டிக்காரர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். அதே மாதிரி, பழசெல்லாம் பொன்னும் இல்லை. 90களின் பிளாஸ்டிக் காம்போ பெட்டிகளை யாராவது எடைக்குக் கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுங்கள். நாம் ஏங்குவதில் ஒரு பங்கு அந்த ஒலிக்கு, ஒரு பங்கு அந்த வயதுக்கு. இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னிடம் மல்டிமீட்டர் இல்லை.

நல்ல பெட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து வருடத்தில், அதுவும் நம் கடற்கரை ஈரத்தில், தொட்டால் பொடியாக உதிரும். துணி, காகிதம், ரப்பர் வளையம் என்றால் நீண்ட ஆயுள். இரண்டாவது, உள்ளே ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோகும். இரண்டுமே மாற்றக்கூடியவை. கோன் மாற்றி, காயில் சுற்றித் தரும் கைகள் பெரிய ஊர்களின் மின்சாதனத் தெருக்களில் இன்னமும் இருக்கின்றன. ஒரு புது ஆம்ப்ளிஃபயர் வாங்கும் காசில் ஒரு ஜோடிக்கு உயிர் வந்துவிடும். ஆனால் அந்தக் கைகளுக்கும் வயதாகிறது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் "பாய், உங்களுக்கு அப்புறம் இதை யார் பண்ணுவாங்க?" என்று கேட்டேன். "பையன் மொபைல் கடை வச்சிருக்கான் சாப்" என்றார். அவ்வளவுதான் பதில்.

நான் இவ்வளவு எழுதக் காரணம் வேறு. நம் வயதுக்காரர்களின் ஊர் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருக்கின்றன. அப்பா போய்விடுவார், அம்மாவைப் பெங்களூரோ புனேவோ கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். வீட்டைக் காலி செய்ய மூன்றே நாள் லீவு. பித்தளைப் பாத்திரத்தைப் பங்கு பிரிப்போம், ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம், ஸ்பீக்கர் பெட்டி மட்டும் யார் கண்ணிலும் படாது. போன மாசி மாதம் கும்பகோணத்திலிருந்து தங்கை போன் செய்தாள். "அண்ணா, பழைய இரும்புக்காரர் வந்திருக்கார். அப்பாவோட ரெண்டு பொட்டிக்கும் சேர்த்து நூத்தம்பது தரேங்கறார், குடுத்துடவா?" காந்தத்தையும் மரத்தையும் எடை போட்டிருக்கிறார், அவர் கணக்கு அவருக்குச் சரி. "குடுக்காதேம்மா, உள் ரூம்ல வை, நான் வரேன்" என்றேன். தங்கமணி பக்கத்திலிருந்து, "எங்கே வைக்கப் போறீங்க, என் தலை மேலயா?" என்றார். நியாயமான கேள்வி. ஐநூற்றுச் சொச்சம் சதுர அடியில் தேக்குப் பெட்டி இரண்டு என்பது சாதாரண விஷயம் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் வேறு.

ஆனாலும் என் வாதம் இது. நம் பிள்ளைகள் ஆளுக்கொரு காதணியை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டு கேட்கிறார்கள். ஒரே வீட்டில் நாலு மௌனம். ஹாலில் ஒரு ஜோடிப் பெட்டி இருந்தால், பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, எல்லோரும் ஒரே பாட்டைக் கேட்டாக வேண்டும். சண்டையாவது வரும். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை யார் பாட்டு என்பதற்கு இப்போது முறை வைத்திருக்கிறோம். பெண்ணின் முறையில் வரும் கொரியப் பாட்டில் பேஸ் நன்றாகவே இருக்கிறது.

எல்லாவற்றையும் தூக்கி வாருங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பையில் ஒரு டார்ச் செல்லும் இரண்டு முழம் ஒயரும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு விநாடி தொட்டு எடுங்கள். 'டொக்' என்று சத்தம் வந்து கோன் அசைந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. விரலால் கோனை நாலு பக்கமும் சமமாக லேசாக அழுத்துங்கள், 'கரகர' என்று உரசாமல் போய் வந்தால் இன்னும் நல்லது. பெட்டியைக் கொண்டுவர முடியாதென்றால் திருகைக் கழற்றி ஸ்பீக்கரையும், உள்ளே இருக்கும் கிராஸ்ஓவரையும் மட்டும் எடுங்கள். சிவப்பு, கறுப்பு ஒயர் எது எதில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் உள்ளளவைக் குறித்துக்கொண்டால், இங்கே எந்தக் கார்பென்டரும் அதே அளவில் செய்து தருவார். கோன் மேல் ஒரு அட்டையை வைத்துக் கட்டுங்கள், ரயிலில் யாராவது செருப்புக் காலை வைத்துவிடுவார்கள்.