ஒலிம்பிக் தீயும் திபேத்தியர் வாய்ப்பூட்டும்

“விளையாட்டில் அரசியல் கூடாது” என்று பெரிய மனிதர்கள் அடிக்கடி உபதேசம் செய்வதுண்டு. கோவிலில் அரசியல் கூடாது, பந்தியில் அரசியல் கூடாது என்று முன்பு சொல்லிவந்தவர்களின் பாட்டுத்தான் இதுவும். “எங்கள் அரசியல் இருக்கட்டும், உங்கள் அரசியல் கூடாது” என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் கிடையாது. 2008-ம் வருஷத்து பீஜிங் ஒலிம்பிக் பந்தயமே இதற்குச் சாட்சி.

அவ்வருஷம் மார்ச் 10-ந் தேதி, 1959-ல் நடந்த கிளர்ச்சியின் நினைவு நாளில், லாசா நகரில் புத்த பிக்ஷுக்கள் ஊர்வலம் கிளம்பினார்கள். போலீசார் பிடித்தார்கள். நான்காம் நாள் அது கலகமாயிற்று. கடைகள் எரிந்தன, ஒரு பாவமும் அறியாத சீனக் கடைக்காரர்களும் செத்தார்கள். இதை நாம் மறைக்கப்போவதில்லை. அதன்பின் பட்டாளம் வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் உள்ளே வரக்கூடாதென்று உத்தரவாயிற்று. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சீன சர்க்கார் ஒரு கணக்குச் சொல்ல, நாடுகடந்த திபேத்தியர் அதைப்போல் பலமடங்கு சொன்னார்கள். கணக்குப் பார்க்க வருகிறவனை வாசலிலேயே மடக்கி நிறுத்தும் கணக்கப்பிள்ளையை நம் ஊரில் என்ன பேர் சொல்லி அழைப்போம்?

இந்நிலையில்தான் ஒலிம்பிக் “புனிதத் தீ” உலகம் சுற்றக் கிளம்பிற்று. தோழர்களே! இப்புனிதத்தின் யோக்கியதையைச் சற்றுக் கவனியுங்கள். கிரேக்க தேசத்தில் இடிந்துபோன ஒரு பழைய கோவிலின் முன், பூசாரி வேஷம் போட்ட நடிகைகள் குழிக்கண்ணாடியை வெயிலில் பிடித்துத் தீ மூட்டுகிறார்கள். அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு ஓடுவது பண்டைக்கால வழக்கமென்று நினைத்துவிடாதீர்கள். அது 1936-ல், ஹிட்லர் ஆட்சியில், பெர்லின் பந்தயத்துக்காக ஆரம்பித்த வழக்கம். அரசியல் கூடாதென்பவர்களின் புனிதச் சடங்கு பிறந்த இடம் இது! 2008 ஏப்ரல் 7-ல் பாரிஸ் நகரில் எதிர்ப்பு வலுத்தபோது, தீயைக் காவல் காத்தவர்களே அதைப் பலமுறை அணைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். அதனால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

ஏப்ரல் 17-ல் அத்தீ டில்லிக்கு வந்தது. திபேத்தியருக்கு அடைக்கலம் கொடுத்த அதே தேசத்தில், ஓட்டத்தின் தூரம் இரண்டரை கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான போலீசார் காவலுக்கு நிறுத்தப்பட்டனர். ஜனங்கள் பார்க்கவொட்டாத ஊர்வலத்துக்குப் பெயர் ஜனங்களின் விழாவாம்! ஆனால் கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியா திபேத்தியர்பால் அனுதாபங்கொண்டு, அத்தீயைத் தொடமாட்டேனென்று சொல்லிவிட்டார். விளையாட்டுக்காரனுக்கும் மானம் உண்டென்று காட்டியவர் அவர்.

நிற்க. “லாமாவைக் கடவுளின் அவதாரமென்று கும்பிடுகிறவர்களுக்காகப் பகுத்தறிவுக்காரர் ஏன் பரிந்து பேசவேண்டும்?” என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மறுபிறவிக் கதையை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய திபேத்தில் மடங்களும் பிரபுக்களும் குடியானவர்களை நிலத்தோடு கட்டிவைத்திருந்த கொடுமையையும் நாம் மறக்கவில்லை. ஆனால், 1829-ல் உடன்கட்டையைத் தடுத்தது வெள்ளைக்கார சர்க்கார் என்பதால், 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் அது சுட்டது சரியென்று ஆகிவிடுமா? மூடநம்பிக்கையைத் தீர்க்க வேண்டியது கல்வியும் வாதமுமேயன்றித் துப்பாக்கியல்ல. வாயைக் கட்டிவிட்டால் வாதம் எப்படி நடக்கும்?

வாய்ப்பூட்டு எவ்வளவு கெட்டியென்பதற்கு ஓர் உதாரணம். பந்தயத்தின்போது ஆட்சேபம் தெரிவிக்க பீஜிங்கில் மூன்று பூங்காக்கள் ஒதுக்கியதாகச் சீன சர்க்கார் விளம்பரம் செய்தது. 77 மனுக்கள் வந்தன. ஒன்றுக்குக்கூட அனுமதியில்லை. வீடு இழந்ததற்கு நியாயம் கேட்டு மனுக்கொடுத்த, எழுபது வயது கடந்த இரண்டு கிழவிகளுக்கு ஒரு வருஷம் உழைப்பு முகாம் தண்டனை விதித்தார்கள்! உலகம் சிரித்த பிறகு அது ரத்தாயிற்று.

கீழவைப்பார்க் கரையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு திபேத்து எத்தனை காததூரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது, சென்னையிலேயே திபேத்திய மாணவர்கள் பிடித்து அடைக்கப்பட்டார்கள். அதற்கு முந்திய வருஷம் மே மாதம், பக்கத்திலுள்ள தூத்துக்குடியில், தாமிர ஆலையை மூடச்சொல்லி நூறாம் நாளில் ஊர்வலம் போன ஜனங்கள்மேல் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டார்கள். மறுநாளே இன்டர்நெட்டும் நிறுத்தப்பட்டது. அங்கே “பிரிவினைக் கும்பல்” என்றார்கள், இங்கே “சமூக விரோதிகள்” என்றார்கள். சொல் வேறு, பூட்டு ஒன்றே.

2022-ல் பீஜிங் பனிக்காலப் பந்தயம் வந்தது. கல்வான் சண்டையில் காயம்பட்ட சீனத் தளபதி கையில் தீயைக் கொடுத்தார்கள் என்றதும், துவக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் தூதரகப் பொறுப்பதிகாரி போகமாட்டார் என்று இந்திய சர்க்கார் அறிவித்தது. அன்று டில்லியில் காவல் காத்த தீ இன்று சுட்டதோ? தன் உடம்பில் பட்டால்தான் சூடு தெரியுமென்றால் அதற்கு நியாயம் என்று பெயரில்லை.

அந்நாளில் நம் கரையில் மூச்சடக்கி மூழ்கியவன் முத்துக் குளிக்கிறவன். பெரும்பங்கு போனது சர்க்காருக்கு. ஓடுகிறவன் ஒருவன், பெருமை கொண்டாடுகிற சர்க்கார் இன்னொன்று என்பதும் அதே வியாபாரந்தான். பந்தயத்தைப் பாருங்கள், வெற்றிபெற்றவனுக்குக் கைதட்டுங்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே யாருடைய வாய் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பதை மட்டும் எவர் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்காத ஊரில் நாளைக்கு நம் வாய்க்குத்தான் பூட்டு வரும்.