பள்ளிக்கூடத் தலைமையும் ஒழுக்கமும்

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்க வேண்டுமென்று சொல்லாத பெரிய மனிதர் நம் நாட்டில் ஒருவருமில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழா மேடைதோறும் இதே பேச்சுத்தான். ஆனால் அந்த ஒழுக்கம் தலைமை ஆசிரியரிடமும் நிர்வாகஸ்தர்களிடமும் இருக்கின்றதா என்று கேட்டால் மாத்திரம் பலருக்குக் கோபம் வந்துவிடுகின்றது. நாம் கேட்பது அதைத்தான்.

சேரன்மாதேவி குருகுலத்தை நம் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை நடத்திய வ.வே.சு. அய்யர் படிப்பிலாவது தியாகத்திலாவது குறைந்தவரல்ல. குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர். தேசத்துக்காகப் பல வருஷம் புதுச்சேரியில் கஷ்டப்பட்டவர். அவர் குருகுலத்துக்குக் காங்கிரஸ் கமிட்டி 5,000 ரூபாய் கொடுத்தது. அப்படியிருந்தும், பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட அவர் இணங்கினார். பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கண்டித்தார்கள். 1925-இல் தமிழ்நாடே கலங்கிற்று. அங்கே என்ன பாடம் நடந்ததென்பது இன்று யாருக்கு ஞாபகமிருக்கிறது? அந்தத் தனிப்பந்தி மாத்திரமே ஞாபகமிருக்கிறது. ஏனென்றால், பெரியவர்கள் வாயால் சொல்வதைவிடக் கையால் செய்வதைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அது நூறு வருஷத்துக்கு முந்தின கதையென்று சிலர் சொல்லலாம். அப்படியானால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்களே, அது எந்தக் காலத்துக் கதை? அதன்பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலுள்ள ஜாதியை எடுத்துவிட வேண்டும், மாணவர் கையில் வர்ணக் கயிறு கூடாது, ஒரு வட்டாரத்தில் ஆதிக்கமுள்ள ஜாதியாரை அங்கேயே தலைமை ஆசிரியராகப் போடக்கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறது. கடைசி யோசனையைக் கவனியுங்கள். தலைமை ஆசிரியர் தம் ஜாதியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவாரென்று நம்புவதற்கில்லை என்பதுதானே அதன் அர்த்தம்! படித்தவர்களுக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

முடியாத காரியமென்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் சீமையிலேயே டாக்டர் சௌந்தரம் அம்மையார் இருந்தார். அய்யங்கார் வீட்டுப் பெண். இளம் வயதிலேயே விதவையானவர். மூலையில் உட்காராமல் வைத்தியப் படிப்புப் படித்தார். 1940-இல் வேறு ஜாதியினரான ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். அதன் பிறகுதான் 1947-இல் இருவரும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வழி காந்தியார் வழி. நம் வழி வேறு. ஆனாலும் சாஸ்திரம் போட்ட இரண்டு விலங்குகளைத் தம் வாழ்விலேயே அறுத்துவிட்டுப் பிறகு கல்வி சொல்ல வந்தாரே, அந்த யோக்கியதையை நாம் மதிக்கிறோம்.

ஆகவே திண்டுக்கல் பட்டணத்திலும், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் உள்ள தோழர்கள் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்குப் போய் மூன்று விஷயங்களைப் பார்க்கட்டும். சமைத்தவர் எந்த ஜாதியென்று பாராமல், தலைமை ஆசிரியர் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிடுகிறாரா? கக்கூஸ் கழுவ எந்தப் பிள்ளையையும் ஏவாமல் இருக்கிறாரா? கயிறு கட்டி வரும் பையனை, அவன் யார் வீட்டுப் பிள்ளையானாலும், அவிழ்க்கச் சொல்லுகிறாரா?

செய்கிறாரென்றால் அவருக்குத் துணையாய் நில்லுங்கள். ஊர்ப் பெரியதனக்காரர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். இல்லையென்றால், சுவரெல்லாம் குறள் எழுதி வைத்திருந்தாலும் அது பள்ளிக்கூடமல்ல; ஜாதிக்கு ஆள் சேர்க்கும் இடமேயாகும்.