தீயணைப்பு வண்டி முதல்ல போய்ச் சேரணும்

ஒரு சபைக்குப் புதுத் தீயணைப்பு வண்டி வந்தா என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். மாலை போடுவாங்க, ரிப்பன் வெட்டுவாங்க, சாவியைக் கைமாற்றுவாங்க, போட்டோ பேஸ்புக்கில வரும். சாவியை வாங்கின சாரதி அந்த வண்டியில எத்தனை மணித்தியாலம் பயிற்சி எடுத்தார், தினமும் காலையில அதை யார் பரிசோதிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்வியையும் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது எங்கள் கருத்து. அதுவும் கண்டியில்.

ஏன் கண்டி? மலைகளுக்கு நடுவில், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிற நகரம் இது. 1988இல் உலக மரபுரிமை நகரமானது. அழகுதான். ஆனா பழைய நகரம் என்றால் தெருவும் பழைய அளவுதான். பாடசாலை விடுற நேரத்தில் வான், பஸ், ஆட்டோ எல்லாம் ஒன்றாக நெரியும்போது கட்டுகஸ்தோட்டை வீதியிலோ பேராதனை வீதியிலோ ஒரு கனரக வண்டியைக் கொண்டுபோய்ப் பாருங்க, அப்ப தெரியும். நகரத்தை விட்டு வெளியே வந்தால் ஹந்தானை ஏற்றம். இன்னும் போனால் கலஹா, தெல்தோட்டை பக்கத்துத் தோட்டப் பாதைகள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம்.

நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 ஒக்டோபரில் யட்டிநுவர வீதியில் ஒரு மாடிக் கட்டடம் எரிந்தது ஞாபகம் இருக்கும். மேலே மாட்டிக்கொண்ட பெற்றோர் பிள்ளைகளைக் கீழே போட, தெருவில் நின்ற சனம் கையால் ஏந்திக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் "சீக்கிரம் வாங்க" என்றுதான் எல்லாரும் கத்துவோம். அதில் தப்பில்லை. ஆனா சீக்கிரம் வருவது வேறு, வேகமாக ஓட்டுவது வேறு.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 5 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஏழரை நிமிடம். 50இல் போனால் 6 நிமிடம். மிச்சம் ஒன்றரை நிமிடம். ஆனா வேகம் 40இலிருந்து 50 ஆகும்போது, பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கத் தேவையான தூரம் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். மழை பெய்த இறக்கத்தில் இன்னும் கூடும். அந்த ஒன்றரை நிமிடத்தை வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கலாம்: அழைப்பு வந்ததும் நிலையத்திலிருந்து கிளம்பும் பழக்கத்தில், எந்தச் சந்துக்குள் வண்டி நுழையும், எங்கே திரும்பும் என்பதை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து வைப்பதில்.

தீயணைப்பு வண்டி சாதாரண லொறி இல்லை. 4,000 லீற்றர் தண்ணீர் என்றால் 4 தொன். அதுவும் அசையாமல் இருக்கிற பாரம் இல்லை. தாங்கி பாதி நிறைந்திருந்தால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக அடித்து வண்டியையே இழுக்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் வைப்பது அதனால்தான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடி தளர்ந்துவிடும். குறைந்த கியரில் போட்டு என்ஜினாலேயே வண்டியை அடக்கி இறக்கத் தெரிய வேண்டும். கனரக வாகன லைசன்ஸ் இருக்கிற ஒருவருக்கு இதில் பாதி தெரிந்திருக்கலாம். சைரன் அலறும்போது, பின்னால் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, எங்கோ ஒரு வீடு எரிகிறது என்று தெரிந்தும் நிதானமாக ஓட்டுவது லைசன்ஸோடு வராது. அதைப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும்.

மலைப்பாதையில் பிரேக் தரும் பாடம் நமக்குப் புதுசில்லை. ஆனா தீயணைப்பு வண்டிக்கே அப்படி நடந்த ஒரு சம்பவம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் இருக்கு. 2009 ஜனவரி 9ஆம் திகதி, ஒரு ஏணி வண்டி வேலை முடிந்து திரும்பும்போது செங்குத்தான தெருவில் பிரேக் பிடிக்காமல் ஓடிக் கீழே ஒரு கட்டடத்தில் மோதியது. வண்டியில் இருந்த லெப்டினன்ட் கெவின் கெலி இறந்துபோனார். பிறகு நடந்த விசாரணைகளில் வெளியே வந்தது தீயைப் பற்றிய கதை இல்லை. பிரேக் பராமரிப்பு சரியில்லை, அதைச் சரிசெய்த முறையும் சரியில்லை, சாரதிகளுக்குப் பயிற்சி போதவில்லை. பணக்கார நாடு, பெரிய நகரம், புகழ்பெற்ற தீயணைப்புச் சேவை. அங்கேயே இப்படி. அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலான ஆண்டுகளில் மாரடைப்புக்கு அடுத்த காரணம் வாகன விபத்துதான். கடமைக்குப் போகிற வழியிலும் திரும்பும் வழியிலும் போகிற உயிர்கள் இவை.

பரிசோதனை என்றால் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். முறை மாறும்போது ஒரு பதினைந்து, இருபது நிமிடம். பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறுதா, எங்கேயாவது கசியுதா? சில்லு நட்டுகள் இறுக்கமா? எண்ணெய், கூலன்ட், பற்றரி, லைட், சைரன், பம்ப் எல்லாம் சரியா? டயரைக் கட்டாயம் பார்க்கணும். தீயணைப்பு வண்டி பஸ் மாதிரி தினமும் நூறு கிலோமீற்றர் ஓடாது. அதனால் டயரின் பூ தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் உள்ளுக்குள்ளே கிழடாகிவிடும். அதனால்தான் அமெரிக்கத் தரவிதிகளில் தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் ஏழு ஆண்டில் டயரை மாற்றச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைவிட முக்கியம், "இந்த வண்டி இன்றைக்கு ஓடக் கூடாது" என்று சாரதி எழுதினால் மேலே இருக்கிறவர் அதை மதிக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாவிட்டால் பரிசோதனை வெறும் சடங்கு.

"இருக்கிறதே ரெண்டு மூணு வண்டி, அதையும் நிறுத்தச் சொல்றீங்களா?" என்று கேட்பாங்க. நியாயமான கேள்விதான். நம்ம நாட்டில் தீயணைப்புச் சேவை உள்ளூராட்சி சபைகளின் கையில் இருக்கு, சபைகளின் பணப்பெட்டி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனா வண்டி குறைவாக இருக்கிற இடத்தில்தான் ஒவ்வொரு வண்டியும் விலைமதிப்பற்றது. பத்து இருக்கிற நகரத்தில் ஒன்று கவிழ்ந்தால் ஒன்பது மிஞ்சும். ரெண்டு இருக்கிற நகரத்தில் ஒன்று கவிழ்ந்தால் பாதிச் சேவையே போச்சு.

இதில் யாருக்கு நட்டம் அதிகம் என்றும் பார்க்கணும். லயத்தில் ஒரு அறை பற்றினால் ஒரே கூரையின் கீழ் இருக்கிற பக்கத்து அறைகளும் சேர்ந்துதான் எரியும். மஹியாவையில் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகளும் அப்படித்தான். இந்த ஊர் சுத்தமாக இருக்க உழைக்கிற சனம் அங்கே வாழுது. பாதை மோசமான, வீடு நெருக்கமான இடங்களுக்குத்தான் நல்ல சாரதி தேவை. அகலமான ரோட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

எனவே நாங்கள் கேட்பது இதுதான். தீயணைப்பு வண்டி ஓட்டத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றிதழும் வேண்டும். வருடா வருடம் மறுபடி சோதிக்க வேண்டும். பயிற்சி மைதானத்தில் கூம்புகளைச் சுற்றுவதோடு நிற்காமல், ஹந்தானை ஏற்றத்திலும் மஹியாவைச் சந்துகளிலும் தண்ணீர் நிரப்பிய வண்டியோடு நடக்க வேண்டும். பரிசோதனைப் புத்தகம் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம்ம கையில் இருக்கு. பயிற்சி எத்தனை மணித்தியாலம், கடைசியாக எப்போது, டயர் எந்த ஆண்டு மாற்றியது என்று எந்தக் குடிமகனும் தன் சபையிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். 2025 மே 6இல் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினரிடமும் கேட்கலாம். ரிப்பன் வெட்ட வருகிறவரிடம் அந்த இடத்திலேயே கேட்டால் இன்னும் நல்லது.

நம்ம பக்கமும் ஒரு வேலை இருக்கு. கண்ணாடியை மூடி, பாட்டைப் போட்டு ஓட்டுகிறவருக்கு சைரன் கேட்கவே கேட்காது. கேட்டதும் இடது பக்கம் ஒதுங்கி நிற்பது நாம் கற்க வேண்டிய பயிற்சி. வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓவர்டேக் பண்ணுகிற பழக்கத்தையும் விடுவோம். அது போய்ச் சேர வேண்டிய வீடு நாளைக்கு யாருடையது என்று யாருக்கும் தெரியாது.