விடை மறைவில், வசை வெளியில்

2004ஆம் ஆண்டளவில் நான் பணியாற்றிய பத்திரிகையில், கணினி தொடர்பான கேள்விகளுக்கென வாரந்தோறும் அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தோம். கேள்வியை முகவரியுடன் அச்சிடுவோம். விடை தெரிந்த வாசகர்கள் எழுதுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர் கேட்டிருந்தார்: பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த தமது ஊர் வரலாறு புதிய கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றது, கோப்புப் பழுதாகிவிட்டதா?

விடை வரவில்லை என்றே எண்ணியிருந்தேன். வந்திருந்தது, எங்களுக்கல்ல, அவருக்கு. புலம்பெயர்ந்து வாழும் கணினி விற்பன்னர் ஒருவர் அவருக்குத் தனிமடல் அனுப்பியிருந்தார். பின்னர் ஆசிரியர் அதனை எனக்குக் காட்டினார். அருமையான மடல். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்திருக்கின்றது; அந்த எழுத்துரு இல்லாத கணினி ஆங்கிலத்தைத்தான் காட்டும்; எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பிவரும். ஒருங்குறிக்கு மாற்றுவதாயின் எழுத்துக்கு எழுத்து மாற்றலாகாது. பாமினியில் 'கொ' என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் அடுத்து, அரவு கடைசியில். ஒருங்குறியிலோ ககரமே முதலில். எனவே இத்தகைய கூட்டெழுத்துகளை முதலில் மாற்றிவிட்டே தனியெழுத்துகளுக்கு வரவேண்டும். இத்தனையும் அதில் இருந்தது.

சில மாதங்களின் பின் வாசகியொருவர் எழுதினார். காலஞ்சென்ற தகப்பனார் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகள் இதேபோல் குறிகளாகத் தெரிந்தனவாம். எங்கள் பக்கத்தில் விடை வருமென்று பார்த்திருந்தாராம். வரவில்லை. பழுதான கோப்பென்று எண்ணி அழித்துவிட்டாராம்.

விற்பன்னருக்கு இதனைத் தெரிவித்தேன். ஒருவர் கேட்டார், ஒருவருக்குச் சொன்னேன் என்றார். அதே மனிதர்தான், எங்கள் பக்கத்தில் பல்கலைக்கழக மாணவியொருவர் ஒருங்குறியையும் எழுத்துருவையும் குழப்பி எழுதியபோது, 'பிரசுரத்துக்கு' என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பினார். பிழையைத் திருத்த அதில் இரண்டு வரி. எஞ்சியதெல்லாம் அப்பெண்ணின் அறிவைப் பற்றியது. இரண்டு வரியை மாத்திரம் பிரசுரித்தேன். அதற்காக என்மீதும் கோபம்.

இது ஒருவரின் குணமல்ல. நம்மவரில் பலரின் பழக்கம். ஊருக்குப் பயன்படும் விடையைக் காதோடு சொல்வார்கள். காதோடு சொல்லவேண்டிய கண்டனத்தை ஊர்கூட்டிச் சொல்வார்கள். கேட்டவர் கூச்சப்படுவார் என்று சமாதானம் கூறுவோருமுண்டு. பெயர் போட்டுப் பத்திரிகையில் கேட்டவருக்கு விடையைப் பார்த்து என்ன கூச்சம்? கூச்சம் விடை சொல்பவருக்குத்தான். பொதுவில் எழுதினால் வேறொருவர் பிழை பிடித்துவிடலாம். தனிமடலில் எவரும் விற்பன்னரே!

பிழைத்திருத்தத்திலும் இதே நியாயந்தான். 1920 ஜனவரி 13இல் நியூயோர்க் டைம்ஸ் ஆசிரியதலையங்கம், வெற்றிடத்தில் ரொக்கெட் இயங்காது, பாடசாலையில் கற்பிப்பதுகூட இவருக்குத் தெரியவில்லை என்று ரொபேர்ட் கொடார்ட் என்ற பௌதிகவியலாளரை எள்ளி நகையாடியது. அப்பலோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17இல், தான் எழுதியது தவறென்று அச்சில் வருத்தம் தெரிவித்தது. கொடார்ட் 1945இலேயே காலமாகிவிட்டார். பத்திரிகை இடையில் அவருக்கு இரகசியமாகப் பத்துக் கடிதம் எழுதியிருந்தாலும் அந்தத் தலையங்கத்தைப் படித்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

நானும் தவறியதுண்டு. அந்தத் தனிமடலை, எழுதியவரின் அனுமதி கேளாமல் மறுவாரமே பெயருடன் பிரசுரித்துவிட்டேன். விடை ஊருக்குரியது, மடல் அவருக்குரியது. விடயத்தை என் சொற்களில் எழுதியிருக்கலாம். இல்லையேல், பிரசுரிக்கட்டுமா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். அவர் அதன்பின் எங்கள் பக்கத்துக்கு எழுதவேயில்லை. அதில் நியாயம் அவர் பக்கந்தான். ஆனால், அழிந்துபோன அந்தக் கோப்பைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.